சேற்றுத் தவளைகளும் அவற்றின் இனப் பகுப்பும்

முதல் மழை பெய்து கழனியில் நீர் தேங்கியதும், அன்றிரவே வரப்போரங்களில் தவளைகள் கத்தத் தொடங்குவதை நாட்டுப்புறத்தில் வாழ்வோர் யாவரும் அறிவர். அக்கூட்டுக் குரலில் உள்ளங்கையை நிரப்பும் பெருந்தவளையின் ஆழ்ந்த ஒலியும் உண்டு. கட்டைவிரல் நீளமே உள்ள சிறு தவளையின் கிரீச்சொலியும் உண்டு. பெருந்தவளையை எல்லோரும் கவனிப்பர். சிறு தவளையையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. 'வயல் தவளை' என்றோ, வெறுமனே 'தவளைக் குஞ்சு' என்றோ சொல்லிவிட்டு அப்பால் செல்வர். அது குஞ்சு அன்று. முழு வளர்ச்சி பெற்ற பிராணியே. மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் நீளத்திற்கு மேல் அது வளர்வதில்லை. பழுப்பு அல்லது சேற்று நிறம், முதுகில் நீளவாட்டில் சிறு மடிப்புகள், தொடையில் கரும்பட்டைகள் ஆகியவை அதன் அடையாளங்கள். ஆண் தவளையின் தொண்டையில் கரிய வரி ஒன்று படர்ந்திருக்கும்.

இச்சிறு தவளை ஓர் இனமா, பல இனங்களா என்னும் வினாவுக்கு விடை காண விஞ்ஞானிகளுக்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆயின. விடை இன்னும் முற்றுப்பெறவில்லை. அவ்வரலாற்றை நம் கிராமத்தார் அறிந்துகொள்வதற்கு ஒரு காரியார்த்தமான காரணம் உண்டு. 2002ஆம் ஆண்டின் உயிர்ப்பன்மைச் சட்டப்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் ஒரு மேலாண்மைக் குழுவை அமைத்து, தன் எல்லைக்குள் வாழும் செடி கொடிகளையும் உயிரினங்களையும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். அப்பதிவேட்டில் 'தவளை' என்ற வரிக்கு எதிரே என்ன பெயரை எழுதுவது? பழைய புத்தகம் ஒன்றைப் பார்த்து அதிலுள்ள பெயரை எழுதிவிட்டால், அது பெரும்பாலும் பிழையான பெயராகவே இருக்கும். ஏன் என்பதைக் காண்போம்.

உயிரினங்களுக்கு இரு சொற்களாலான பெயர் சூட்டும் முறையைச் சுவீடன் நாட்டு லின்னேயஸ் நிலைநாட்டினார். விலங்குகளைப் பொறுத்தவரை, அவர் நூலின் 1758ஆம் ஆண்டுப் பதிப்பே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாம் சொல் இனத்தைக் குறிக்கும். குடும்பப் பெயரும் ஆளின் பெயரும் போல என்று வைத்துக்கொள்ளலாம். பெயரீட்டில் இரண்டு விதிகள் முதன்மையானவை. ஒரு பெயர், அது சூட்டப்பட்டபோது ஆதாரமாகக் கொண்ட மாதிரி உடலோடு என்றென்றும் பிணைக்கப்பட்டிருக்கும் என்பது ஒன்று. ஒரே இனத்திற்கு இரு பெயர்கள் ஏற்பட்டுவிட்டால் முந்தியதே செல்லும் என்பது மற்றொன்று. பத்திரப் பதிவில் முந்திய கிரயத்திற்கு உள்ள வலிமை போன்றதே இது. இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் குழப்பம் தெளிவாகும்.

சாவகத் தீவில் பிடிக்கப்பட்ட ஒரு சிறு வயல் தவளைக்கு 1829இல் கிராவன்ஹார்ஸ்ட் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் 'ரானா லிம்னோகாரிஸ்' என்ற பெயரை அச்சேற்றினார். 'லிம்னே' என்பது கிரேக்க மொழியில் சதுப்பு. 'காரிஸ்' என்பது எழில். அப்பெயரை முதலில் கருதியவர் ஹைன்ரிக் போயே என்னும் இளைஞர். அவர் உயிரினங்களைச் சேகரிக்கச் சாவகம் சென்று, 1827இல் அங்கேயே மாண்டார். பெயர் நூலில் வெளிவந்ததைக் காண அவர் இல்லை.

அதன் பின்னர் நிகழ்ந்ததே விசித்திரம். ஜப்பான் முதல் இந்தியா வரை, நெல் விளையும் நாடுகளிலெல்லாம் இதைப் போன்ற சிறு தவளை காணப்பட்டது. தோற்றத்தில் வேறுபாடு சிறிதே. இலண்டன் அருங்காட்சியகத்தில் பணிபுரிந்த புலெஞ்சர் 1920இல் தென்னாசியத் தவளைகளைப் பற்றி விரிவான நூல் ஒன்றை எழுதியபோது, இவற்றைப் பெரும்பாலும் லிம்னோகாரிஸ் என்ற ஒரே பெயரின் கீழ் அடக்கினார். சாராயத்தில் ஊறி நிறம் வெளுத்த உடல்களை வரிசையாக வைத்துப் பார்த்தவருக்கு வேறு வழி இருந்திருக்காது. அவரைக் குறை கூறுவது நியாயமன்று. ஆனால் அவர் நூலின் செல்வாக்கினால் அரை நூற்றாண்டுக் காலம் நம் கல்லூரிப் பாடங்களிலும் அரசாங்கப் பட்டியல்களிலும் 'ரானா லிம்னோகாரிஸ்' என்ற பெயரே வழங்கலாயிற்று.

அதற்கு முன்பே நம் நாட்டில் இத்தவளைகளுக்குத் தனிப் பெயர்கள் இருந்தன. சென்னை இராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், 1853இல் வெளியிட்ட தம் பட்டியலில், தீபகற்ப இந்தியாவின் தவளை ஒன்றுக்கு 'அக்ரிகோலா' என்றும், நீலகிரித் தவளை ஒன்றுக்கு 'நீலகிரிகா' என்றும் பெயரிட்டார். அக்ரிகோலா என்னும் இலத்தீன் சொல்லுக்கு உழவன் என்று பொருள். வயலையே வீடாகக் கொண்ட பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அகப்படுவது அரிது. பின்னர் 1919இல், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான அன்னண்டேல், சயாத்திரி மலைப் பகுதித் தவளை ஒன்றுக்குச் 'சயாட்ரென்சிஸ்' என்று பெயரிட்டார். இப்பெயர்கள் நெடுங்காலம் மதிப்பின்றிக் கிடந்தன.

முடிச்சை அவிழ்த்தது கண்ணன்று, காது. அலேன் துபுவா என்னும் பிரெஞ்சு விலங்கியலார் நேபாளத்தில் இத்தவளைகளின் குரலை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார். தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போலிருந்தவை குரலில் முற்றிலும் வேறுபட்டன. 1975இல் அவர் அதை வெளியிட்டார். தவளை தன் வாயால் கெடும் என்று நாம் பழமொழி சொல்வோம். இங்கே தவளை தன் வாயாலேயே தன் குலத்தை நிலைநாட்டிக்கொண்டது. குரல் ஏன் அவ்வளவு முக்கியமானது? ஆண் தவளை கத்துவது பெண்ணை அழைப்பதற்கே. ஒரே வயலில் மூன்று நான்கு இனங்கள் இருளில் ஒருங்கே கத்துகையில், பெண் தவளை தன் இனத்தின் அழைப்பை மட்டும் பிரித்தறிந்து அதனை நாடிச் செல்கிறது. ஆகவே, குரல் வேறானால் பொதுவாக அவை கலந்து இனம் பெருக்குவதில்லை. இவ்விஷயத்தில் நம் அளவுகோலைவிடப் பெண் தவளையின் செவியே நம்பத்தக்க நீதிபதி எனலாம்.

குரலுக்கு அடுத்து வந்தது மரபணு ஆராய்ச்சி. கால்விரல் நுனியளவு தசை இருந்தாலே போதும். இரு தவளைகளின் வம்சம் எவ்வளவு காலத்துக்கு முன் பிரிந்தது என்பதை ஒருவாறு கணிக்கலாம். 2001இல் சாவகத் தீவுத் தவளைகளையே இவ்வாறு ஆராய்ந்தபோது, லிம்னோகாரிஸின் பிறந்த வீட்டிலேயே இரண்டு இனங்கள் கலந்திருப்பது வெளிப்பட்டது. மற்றதற்கு 'இஸ்கந்தரி' என்று பெயர் சூட்டினர். சொந்த ஊரிலேயே இரண்டானால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள நம் கழனித் தவளையை அதே பெயரால் அழைப்பது எவ்வாறு பொருந்தும்?

பேரினப் பெயரும் மாறியது. 'ரானா' என்ற பெரும் பேரினம் பல கூறுகளாகப் பிரிந்தபோது, இச்சிறு தவளைகள் 'ஃபெஜெர்வாரியா' என்ற பேரினத்தில் வைக்கப்பட்டன. ஃபெஜெர்வாரி என்ற அங்கேரிய அறிஞரைச் சிறப்பிக்கும் வகையில் அவர் நாட்டவரான போல்கே 1915இல் ஏற்படுத்திய பெயர் அது. இத்தவளையை மல்லாத்திப் பார்த்தால் வயிற்றின் இரு பக்கமும் நீளவாட்டில் ஒரு மெல்லிய கோடு ஓடுவதைக் காணலாம். இந்தக் கூட்டத்திற்கே உரிய அடையாளம் அது. பின்பு 2001இல் துபுவா, ஓலர், நம் நாட்டு எஸ். டி. பிஜு ஆகிய மூவரும், மேற்குத் தொடர்ச்சி மலையில் கண்ட மிகச் சிறிய தவளை ஒன்றுக்காக 'மினெர்வாரியா' என்ற புதுப் பேரினத்தை அமைத்தனர். 2011இல் வங்கதேசத்தைச் சேர்ந்த ஹவுலாடர், தென்னாசிய வயல் தவளைகள் யாவும் தனிப் பேரினம் என்று கருதி, டாக்காப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் நினைவாக 'ஜாகெரானா' என்று பெயரிட்டார். அவர் பிரித்தது சரியே. ஆனால் மரபணுச் சான்று கொண்டு 2018இல் செய்த ஆய்வில், மலையிலிருந்த அச்சிறு மினெர்வாரியாவும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரிந்தது. முந்திய பெயரே செல்லும் என்ற விதி குறுக்கிட்டது. பத்தாண்டு மூத்த மினெர்வாரியா நிலைபெற, ஜாகெரானா வழக்கொழிந்தது. இவ்வாறாக, நம் பாட்டன் காலத்து 'ரானா லிம்னோகாரிஸ்' இன்று தென்னிந்தியச் சமவெளியில் பெரும்பாலும் 'மினெர்வாரியா அக்ரிகோலா' ஆகிறது. ஜெர்டன் வைத்த உழவன் என்ற பெயர் திரும்ப வந்துவிட்டது.

பெயர் மாற்றங்களைக் கண்டு, விஞ்ஞானிகளுக்கு வேறு வேலையில்லை போலும் என்று சலித்துக்கொள்வோர் உண்டு. சில சமயம் அந்தச் சலிப்புக்கும் நியாயம் இருக்கிறது. 2007இல் ஜப்பானிய, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து கர்நாடகத்து மலைப் பகுதியிலிருந்து நான்கு புதிய இனங்களை வெளியிட்டனர். அவற்றுள் 'கிரானோசா' என்பது பிற்பாடு பழைய அக்ரிகோலாவே என்று முடிவு செய்யப்பட்டது. எனினும், புதியவை யாவும் அவ்வாறு கரைந்துவிடவில்லை. கோடிக்கணக்கான மக்கள் நெருங்கி வாழும் டாக்கா நகரத்திலிருந்தே 2016இல் ஒரு புதிய வயல் தவளை இனம் வெளியிடப்பட்டது. 2021இல் தென்மேற்குக் கடற்கரைச் சமவெளியிலிருந்து மற்றொன்று வந்தது. மனிதர் காலடியிலேயே இவை இத்தனை காலம் பெயரின்றிக் கிடந்தன.

இதில் நமக்கு என்ன நஷ்டம், என்ன இலாபம் என்று கேட்கலாம். நீலகிரிகாவை எடுத்துக்கொள்வோம். அது நீலகிரியிலும் அதையொட்டிய மேட்டு நிலங்களிலும் சதுப்பான புல்வெளிகளில் வாழ்வது. சதுப்பை வடித்துக் காய்கறிப் பாத்தி போட்டாலோ தேயிலை நட்டாலோ, அதற்குப் போக்கிடம் இல்லை. அதனையும் லிம்னோகாரிஸ் என்றே எழுதி வைத்திருந்த காலத்தில், ஒரு சதுப்பு அழிவதைப் பற்றி எவரும் கவலை கொள்ளக் காரணமில்லை. 'அந்தத் தவளை ஜப்பான் வரை இருக்கிறதே' என்று கூறிக் கோப்பை மூடிவிடலாம். தனி இனம் என்று தெரிந்த பின் அவ்வாறு கூற இயலாது. பொதுப் பெயர் ஒன்றின் நிழலில் ஓர் இனம் ஓசையின்றி மறைந்துபோவது சாத்தியமே.

சட்டத்திற்கும் இது பொருந்தும். தவளைக்கால் ஏற்றுமதிக்காக நம் நாட்டில் பெருந்தவளையும் குளத்துப் பச்சைத் தவளையும் பெருவாரியாகப் பிடிக்கப்பட்டன. 1985இல் அவ்விரண்டும் பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்தியா ஏற்றுமதியையே தடை செய்தது. பட்டியலில் காப்பு அளிக்கப்படுவது பெயருக்கே. தோலுரித்து உறையவைத்த கால்களைக் கண்டு இனம் கூற எவராலும் இயலாது. இந்தோனேசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற கால்களை மரபணு வழியே சோதித்தபோது, பெட்டியின் மேலிருந்த பெயரும் உள்ளிருந்த இனமும் ஒத்துப்போகாதவை இருந்தன.

வயலுக்கு இச்சிறு தவளையால் விளையும் நன்மையைச் சிலர் மிகையாகக் கூறுவர். அது தத்துப்பூச்சியை மட்டுமே தேடித் தின்னும் கூலியாள் அன்று. வாய்க்குள் அடங்கி, கண்முன் அசைவது எதுவாயினும் விழுங்கும். அதில் பயிரைத் தின்னும் பூச்சியும் உண்டு, அப்பூச்சியைத் தின்னும் சிலந்தியும் உண்டு. இருப்பினும் நாற்றங்கால் முதல் அறுவடை வரை வயலிலேயே தங்கி இரவெல்லாம் பூச்சி பிடிக்கும் பிராணிகள் வேறு பல இல்லை. அதன் தலைப்பிரட்டைகள் தேங்கிய நீரிலேயே வளர்கின்றன. தவளைத் தோல் மெல்லியதாய் நீரை உறிஞ்சுவதாய் இருத்தலின், நீரில் கலந்த மருந்து நேரே உடலுள் புகும். குருணை மருந்து தூவிய சில நாட்களுக்கு மடையோரத்துக் குரல் குறைகிறதா என்று உழவர்கள் தாமே கவனித்துப் பார்க்கலாம்.

இனி, பதிவேடு எழுதுவோர்க்குச் சில குறிப்புகள். முதுகின் நடுவே வெண்கோடு உள்ளது ஒரு ஜாதி, இல்லாதது வேறு ஜாதி என்று பிரித்துவிட வேண்டாம். ஒரே இனத்திலேயே சிலவற்றிற்கு அக்கோடு இருக்கும், சிலவற்றிற்கு இராது. நிறத்தையும் நம்ப வேண்டாம். தவளையைப் பிடித்து வதைக்கவும் தேவையில்லை. மழை நின்ற இரவில் கைவிளக்குடன் வரப்பில் நின்று, கத்தும் ஆண் தவளையின் குரலைக் கைப்பேசியில் ஒரு நிமிடம் பதிவு செய்வது மிகுந்த பயனுடையது. அத்துடன் முதுகு, பக்கவாட்டு, தொடை ஆகியவை தெரியப் படம் எடுக்கலாம். நாள், நேரம், இடம், நீரின் ஆழம், நிலம் நஞ்சையா, குளக்கரையா, சாலையோரப் பள்ளமா என்பவற்றைக் குறித்தல் வேண்டும். ஊரில் அத்தவளைக்கு வழங்கும் பெயரை, எவ்வளவு கொச்சையாக இருப்பினும், அப்படியே எழுதுக. விஞ்ஞானப் பெயர் உறுதியாகத் தெரியாவிடில் 'மினெர்வாரியா, இனம் தெளிவாகவில்லை' என்று எழுதுவதே முறை. அருகிலுள்ள கல்லூரியின் விலங்கியல் துறையாரிடம் ஒலிப்பதிவைக் கொடுத்தால், அவர்கள் பின்னர் அவ்வரியை நிரப்ப இயலும். பிழையான பெயரை எழுதிவிட்டாலோ, அதை மறுபடி எவரும் திறந்து பார்க்கமாட்டார்கள்.