பஃபலோவில் பனி, லோடர்டேலில் கப்பல்

2024 ஜனவரி 14, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி. பாரிஸிலிருந்து வந்த மகனும் மருமகளும் பேத்தியும் புளோரிடாவில் லோடர்டேல் நகரின் எவர்கிளேட்ஸ் துறைமுகத்தை விட்டு விலகும் கப்பலின் மேல்தட்டில் நின்று வீடியோவில் எங்களோடு கதைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் வெயில். நாங்கள் இருவரும் ரொறன்ரோவில் இருக்கும் மகளின் குடும்பமுமாக ஆறு பேர் கனடாவின் நயாகராப் பக்கத்தில் ஒரு மோட்டல் அறைக்குள் இருந்தோம். யன்னலுக்கு வெளியே பனி சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. "அப்பம்மா, நீங்கள் எப்ப ஏறுவீங்கள்?" என்று பேத்தி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. என் கணவர்தான் போனை வாங்கி, "நீ போய் மீன் இருக்கோ எண்டு பார் குஞ்சு" என்றார்.

இவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கென்று ஒழுங்குசெய்த பயணம் அது. பன்னிரண்டு வருடமாக இரண்டு பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஒரு கூரையின் கீழே ஒன்றாக இருந்ததில்லை. ஏழு இரவு கப்பலில் இருப்போம் என்று மகளும் மகனும் ஒரு வருடம் காசு சேர்த்தார்கள். இப்போது பண்டத்தரிப்பில் எங்கள் ஒழுங்கையிலேயே பலர் பிள்ளைகளிடம் போகும்போது இப்படிக் கப்பல் ஏறுகிறார்கள். மாரிகாலக் குளிருக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் தாய் தகப்பனை வெயிலுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. நல்ல ஆசை. எங்களுக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பிழை எங்கே தொடங்கியது என்று பிறகு பல இரவுகள் யோசித்தேன். ரொறன்ரோவில் உள்ள எங்கள் ஆட்கள் பலர் செய்வதைத்தான் மருமகனும் செய்தார். ரொறன்ரோ பியர்சனிலிருந்து புளோரிடாவுக்குப் பறக்க ஆறு பேருக்கு வந்த விலையைப் பார்த்தார். எல்லையைக் கடந்து அமெரிக்காவின் பஃபலோவுக்குக் காரில் போய், அங்கிருந்து ஒரு மலிவு விமானத்தில் பறந்தால் ஆயிரம் டொலருக்கு மேல் மிச்சம் வந்தது. அது அமெரிக்காவுக்குள் பறக்கும் உள்நாட்டு விமானம். வரியும் கட்டணமும் குறைவு. ஸ்காபரோவிலிருந்து பஃபலோ விமான நிலையம் சாதாரண நாளில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. ஞாயிறு காலை ஆறரைக்குப் புறப்பட்டால் பத்து மணிக்கு லோடர்டேல். விமான நிலையத்திலிருந்து துறைமுகம் பத்து நிமிடம். கடதாசியில் எழுதிப் பார்த்தால் எல்லாம் சரியாகப் பொருந்தியது.

கடதாசியில் ஏரி இல்லை. பஃபலோ இருப்பது ஈரி ஏரியின் கிழக்கு முனையில். மாரியில் ஏரி உறையும் முன்னர் குளிர்காற்று அதன் நீளத்துக்கு ஓடிவரும். நீரை உறிஞ்சி, கரையேறியதும் பஃபலோவின் தலையில் பனியாகக் கொட்டும். வாடைக்காற்று வங்கக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து எங்களுக்குக் கார்த்திகை மழையைத் தருகிறதே, அதே வேலைதான். 2022 நத்தார் நேரத்துப் புயலில் அந்த விமான நிலையம் ஐந்து நாள் மூடிக் கிடந்தது. ரிக்கெற் எடுக்கும்போது எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சனிக்கிழமை பின்னேரம் எல்லை கடந்து, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இரவு தங்குவது திட்டம். சென்ற் கத்தரின்ஸ் தாண்டும்போது மகளின் போனுக்குச் செய்தி வந்தது: விமானம் ரத்து. அன்றிரவு ஒன்பது மணியிலிருந்து பஃபலோ இருக்கும் ஈரி கவுண்டி முழுவதும் வாகனம் ஓட்டத் தடை. மறுநாள் அங்கே நடக்க இருந்த பெரிய அமெரிக்கக் கால்பந்தாட்டப் போட்டியையே திங்களுக்குத் தள்ளிவிட்டார்கள். அதாவது, விமானம் பறந்திருந்தாலும் அதன் வாசலுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்திருக்க முடியாது. மலிவு ரிக்கெற்றுக்காக ஒரு எல்லை, ஒரு நெடுஞ்சாலை, ஒரு பனி ஊர் என்று மூன்று இடையூறை நாங்களாகவே நடுவில் வைத்திருந்தோம்.

விமானத்தை ரத்துச் செய்தவர்களில் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பனியில் பறக்காமல் விட்டதுதான் சரி. ஆனால் அடுத்து என்ன என்று கேட்டபோது வந்த பதில்தான் மலிவு விமானத்தின் இயல்பை எனக்கு விளங்க வைத்தது. அடுத்த இருக்கை புதன்கிழமை. வேண்டாமென்றால் காசைத் திருப்பித் தருவோம். அவ்வளவுதான். பெரிய நிறுவனத்துக்கு ஒரு ஊருக்கு ஒரு நாளில் பல விமானம் இருக்கும், வேறு நிறுவனங்களோடு உடன்பாடு இருக்கும். ஒன்று விழுந்தால் சிக்காகோ வழியாகவோ அட்லாண்டா வழியாகவோ ஏற்றிவிடுவார்கள். மலிவு நிறுவனத்துக்கு அந்தப் பாதையில் ஒரு நாளைக்கு ஒன்று, சில இடங்களில் கிழமைக்கு இரண்டோ மூன்றோ. பொதுவாக மற்ற நிறுவனத்தின் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். ஒரே விமானம் விடியத் தொடங்கி இரவு வரை ஊர் ஊராகப் பறக்கும். காலையில் ஓரிடத்தில் பனி உருக்கும் திரவம் அடிக்க இரண்டு மணித்தியாலம் பிந்தினால், அந்தப் பிந்தல் மாலை வரை கூடிக்கொண்டே போகும். விமானியின் வேலை நேர எல்லை முடிந்தால் பிறகு பறப்பே இல்லை.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. பஃபலோவுக்குப் போனதால் கனடாவின் பயணிகள் பாதுகாப்பு விதிகளை நாங்கள் எல்லையிலேயே விட்டுவிட்டோம். கனடாவிலிருந்து புறப்படும் விமானம் புயலால் ரத்தானால், 48 மணித்தியாலத்துக்குள் தன்னுடைய இருக்கை கொடுக்க முடியாத பெரிய நிறுவனம் வேறு நிறுவனத்தின் விமானத்திலாவது ஏற்ற வேண்டும். சிறிய நிறுவனத்துக்கு அந்தக் கடப்பாடு இல்லை. தன் இருக்கையையோ காசையோ தந்தால் போதும். ஐரோப்பாவில் புயலென்றால் நட்டஈடு கிடையாது, ஆனால் சாப்பாடும் தங்குமிடமும் கொடுக்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டு விமானத்தில் எங்களுக்குக் கிடைத்தது ரிக்கெற் காசு மட்டும். இந்த விதிகள் எவையும் தவறவிட்ட கப்பலுக்குக் காசு தருவதில்லை.

அன்றிரவு மருமகன் நித்திரை கொள்ளவில்லை. கப்பல் செவ்வாயன்று கீ வெஸ்ட் என்ற அமெரிக்கத் தீவில் நிற்கும். திங்கள் எப்படியாவது மியாமிக்குப் பறந்து, அங்கிருந்து காரில் ஓடி ஏறுவோம் என்று கணக்குப் போட்டார். கப்பல் நிறுவனத்தில் எடுத்த எடுப்பில் இல்லை என்றார்கள். 1886ஆம் ஆண்டின் பழைய அமெரிக்கச் சட்டம் ஒன்று உண்டு. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் ஒரு அமெரிக்கத் துறைமுகத்தில் பயணியை ஏற்றி இன்னொரு அமெரிக்கத் துறைமுகத்தில் பொதுவாக இறக்கக் கூடாது. தொடங்கிய துறைமுகத்துக்கே சுற்றி வருவது சரி. கீ வெஸ்டில் ஏறி லோடர்டேலில் இறங்குவது சட்டப்படி பிழை. இந்தப் பெரிய உல்லாசக் கப்பல்களில் ஏறக்குறைய எல்லாமே வெளிநாட்டுக் கொடிதான். பாதி வழியில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு நேரத்தை இறுக்கிப் போடுகிறவர்கள் இதை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

மிச்சம் இருந்தது வியாழக்கிழமை மெக்சிகோவின் கொசுமெல். பிள்ளைகள் நால்வரும் கனடாக் கடவுச்சீட்டுக்காரர், போயிருக்கலாம். எங்கள் இருவரின் கையிலும் இலங்கைக் கடவுச்சீட்டு. கப்பலோடு போய் இறங்குவதற்கும் விமானத்தில் தனியாகப் போய் இறங்குவதற்கும் கேட்கும் விசா எல்லா இடத்திலும் ஒன்றல்ல. ஆறு பேருக்குக் கடைசி நேர ரிக்கெற் விலையும் எங்கள் சக்திக்கு மேலே. "நீங்கள் நாலு பேரும் போங்கோ" என்றேன். மகள், "அப்பாட பிறந்தநாளுக்கு அப்பா இல்லாமல் ஆருக்கம்மா கப்பல்?" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது.

விசாவைப் பற்றி ஊரிலிருந்து போகும் தாய் தகப்பனுக்கு இன்னுமொன்று சொல்ல வேண்டும். கனடாவுக்கு ஒருதடவை நுழைவு விசாவில் போயிருந்தாலும், உங்களுக்குத் தந்த தங்கும் காலத்துக்குள் அமெரிக்காவை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப முடியும். கப்பல் பகாமாஸிலோ மெக்சிகோவிலோ நின்றால் அந்தச் சலுகை இல்லை. செல்லுபடியாகும் விசா கையில் இருக்க வேண்டும். அமெரிக்க விசாவும் பலதடவை நுழைவாக இருக்க வேண்டும். ரிக்கெற் எடுக்க முதல் பார்க்கும் விஷயம் இது.

காசு பற்றிச் சொல்கிறேன். கப்பலுக்கு ஆறு பேருக்குக் கட்டியது எட்டாயிரம் டொலருக்குக் கிட்ட. துறைமுக வரியும் கட்டணமும் மட்டும் திரும்பி வந்தன. காப்புறுதி இருக்கிறது என்று மகள் நம்பியிருந்தாள். அது கடனட்டையோடு வருவது. அதைப் படித்துப் பார்த்தபோது அட்டைக்காரர், கணவர், பிள்ளைகள் என்று இருந்தது; தாய் தகப்பன் இல்லை. எங்களுக்கு எடுத்திருந்த காப்புறுதி ஆஸ்பத்திரிச் செலவுக்கு மட்டுமானது. ஆகவே பயணத் தடங்கலுக்கான காப்புறுதியை ஒவ்வொருவர் பேரிலும், கப்பலுக்கு முற்பணம் கட்டுகிற அன்றே எடுக்க வேண்டும். புயல் வருகிறது என்று செய்தியில் சொன்ன பிறகு எடுத்தால் அந்தப் புயலுக்குக் காப்பு இராது. எத்தனை மணித்தியாலம் பிந்தினால் காசு தருவார்கள் என்ற வரியைத் தேடி வாசியுங்கள். அந்த ஒரு வரியில்தான் எல்லாம் இருக்கிறது.

ரிக்கெற்றைக் கடனட்டையில் எடுப்பது நல்லது என்பதற்கு எங்கள் பயணம் முடிந்து ஆறு கிழமையில் ஒரு காரணம் கிடைத்தது. 2024 பெப்ரவரி 26ஆம் திகதி முதல் லிங்க்ஸ் ஏர் என்ற கனடிய மலிவு விமான நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. அதே வருடம் ஓகஸ்ட் நடுவில் கனடா ஜெட்லைன்ஸும் நின்றது. பனியே பெய்யாவிட்டாலும் இப்படி விமானம் இல்லாமல் போகலாம். அட்டையில் கட்டிய காசைத் திரும்பக் கேட்க ஒரு வழி இருக்கிறது.

மோட்டலில் இருந்த அந்த இரண்டு இரவும் எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது ஒரு விஷயத்துக்குத்தான். இது எனக்குத் தெரியாத பாடம் அல்ல. மாதகல் கடல் எங்களுக்குக் கூப்பிடு தூரம். வாடை பெயர்ந்தால் வள்ளம் கரையில் ஏறும் என்று தெரிந்து வளர்ந்தவள் நான். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு பிடிக்க வேண்டுமென்றால் அம்மா எங்களை விடியப்புறமே எழுப்பி முதல் பஸ்ஸில் ஏற்றுவா. அந்தப் படகை விட்டால் அன்றைக்குத் தீவு இல்லை. நாங்கள் கனடா புறப்படும் முன்னர், 2023 ஒக்ரோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. ஊரே பார்க்கப் போனது. வடகீழ்ப் பருவக்காற்றைச் சொல்லி 20ஆம் திகதியோடு நிறுத்தினார்கள்; மறுபடி ஓடியது 2024 ஓகஸ்டில். நாங்கள் ரொறன்ரோவில் இருக்கும்போதே, 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையம் மூடியது. பலாலியில் இருந்து போக இருந்த சொந்தக்காரர் தொலைபேசியில் அழுதார். இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்தவள், மகள் ஞாயிறு காலை விமானம், ஞாயிறு மாலை கப்பல் என்று சொன்னபோது வாய் திறக்கவில்லை. அந்த நாட்டு விஷயம் பிள்ளைகளுக்குத்தான் தெரியும் என்று இருந்துவிட்டேன். தாய்மார் அப்படி இருக்க வேண்டாம். கடலும் காற்றும் எங்களுக்குத் தெரியும்; பிள்ளைகளிடம் வாய் திறந்து கேளுங்கள்.

கேட்க வேண்டியது முதலில் நாள். மாரியில் கப்பலுக்கு முதல்நாள் போய்ச் சேருவதும் எனக்குப் போதாது. இரண்டு நாள் முந்த வேண்டும். முதல்நாள் விமானம் ரத்தானால் அடுத்த விமானத்தைத் தேட ஒரு பகல் கையில் இருக்க வேண்டுமே. நாலு மணிக்குக் கப்பல் என்றால் ஏறும் வாசல் ஒரு மணித்தியாலமோ ஒன்றரையோ முந்தியே மூடப்படும். பயணிகள் பட்டியலை அமெரிக்க எல்லை அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டும் என்பதால் எவருக்காகவும் திறக்க மாட்டார்கள். அடுத்தது, இடையில் இறங்கி மாறாத நேர் விமானம், அதிலும் காலையின் முதல் விமானம். பிறகு, எந்த விமான நிலையத்தில் இறக்குகிறார்கள் என்பது: ஒர்லாண்டோ என்று பெயர் போட்டுச் சான்போர்ட்டில் இறக்குகிற மலிவு விமானம் உண்டு, ஒர்லாண்டோவின் பெரிய விமான நிலையத்திலிருந்தே கப்பல் ஏறும் கனவெரல் துறைமுகம் காரில் ஒரு மணித்தியாலம். மலிவு விமானத்தில் பெரும்பாலும் கைப்பெட்டிக்கும் காசு என்பதால் எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் அடைக்கத் தோன்றும். இன்சுலின், பிரஷர் குளிசை, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுடுப்பு, இவை மட்டும் கையை விட்டுப் போகக் கூடாது.

2025 ஜனவரியில் மறுபடி போனோம். மகன் பாரிஸிலிருந்து இன்னொரு தடவை லீவு எடுத்து வந்தான். இம்முறையும் மலிவு விமானம்தான். ஆனால் பியர்சனிலிருந்து, வெள்ளிக்கிழமை காலை, ஞாயிற்றுக்கிழமைக் கப்பலுக்கு. இரண்டு இரவுக்குச் சமையலறை உள்ள அறை எடுத்தோம். அதையும் சேர்த்துப் பார்த்தால் போன தடவை மிச்சம்பிடித்த காசு போய்விட்டது, அவ்வளவுதான். பனி உருக்கும் வரிசையில் நின்று விமானம் மூன்று மணித்தியாலம் பிந்தியது. அறிவிப்பு வந்தபோது மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் எழும்பிப் போய் எல்லோருக்கும் கோப்பி வாங்கி வந்தாள். சனிக்கிழமை இரவு லோடர்டேலில் ஒன்பது பேரும் தரையில் சுற்றி இருந்து புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். இவருக்கு எழுபத்தொன்று.