மூன்றாம் வருஷத்து நிறம்

அன்புள்ள தம்பிக்கு,

வைட்ஃபீல்ட் வீட்டு மரவேலியின் படங்களும், ஷேட் கார்டில் நீ வட்டம் போட்டு அனுப்பிய பதினோரு நிறங்களும் கிடைத்தன. கூடவே ஒரே ஒரு வரி: “அண்ணே, இதுல எது நல்லா இருக்கும்?” போனிலேயே ஒன்றைச் சொல்லியிருக்கலாம். ஆனால் இது நீ தனியாக எடுத்திருக்கும் முதல் வேலை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். பிரஷ் பிடிக்கும் மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கே அனுப்புகிறேன். உன் பெயரைப் போடவில்லை.

முதலில் அந்த ஷேட் கார்டை மடித்துப் பைக்குள் வை. தபால்தலை அளவு சதுரம், சுற்றிலும் வெள்ளைக் காகிதம். உன் வேலியைச் சுற்றி வெள்ளை எங்கே இருக்கிறது? கீழே செம்மண், பின்னால் இலை, மேலே வானம். பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்கு ஷெவ்ரூல் என்ற வேதியியலாளர் பொறுப்பாக இருந்தார். கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. சோதித்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் ஓடிய நூலின் நிறம்தான் கறுப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அதைத் துருவிக்கொண்டே போய் 1839இல் ஒரு பெரிய புத்தகமே போட்டுவிட்டார். நமக்கு அதிலிருந்து வேண்டியது கொஞ்சம்தான்: சிவப்புக்குப் பக்கத்தில் இலை இன்னும் பச்சையாகத் தெரியும். கிளிப்பச்சை அடித்த பலகைக்கு முன்னால் அதே இலை வாடினதுபோல் ஆகிவிடும். தோட்டத்துக்குப் பொருத்தமாகப் பச்சை அடிக்கிறேன் என்று கிளம்பி, செடியை நோயாளி ஆக்கிய வேலிகளை இந்தப் பெங்களூரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம்பிக்கை வராவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கப்பன் பார்க் போய்வா. 1868இல் கட்டி முடித்த அட்டாரா கச்சேரி, இன்றைய உயர்நீதிமன்றம், மரங்களுக்கு நடுவே சிவப்பாக நிற்கிறது. கொஞ்சம் தள்ளி சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம், அதுவும் சிவப்பு. கட்டடத்தைப் பார்க்காதே, அதன் முன்னால் நிற்கும் இலைகளைப் பார்.

இனி என் தப்பைச் சொல்கிறேன். அப்போது எனக்கும் உன் வயதுதான். குக் டவுனில் ஒரு வீடு. வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்த படத்தைக் காட்டி வெள்ளை வேலி கேட்டார்கள். மார்ச் மாதம் பளபளவென்று எனாமல் அடித்துக் கொடுத்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மே மாத இடிமழை நாலே நாள் பெய்தது. செம்மண் தெறித்து, வெள்ளை வேட்டிக்குச் சிவப்புக் கரை போட்டதுபோல வேலி முழுக்க ஒரு முழ உயரத்துக்குக் கறை. செப்டம்பர், அக்டோபர் மழை முடிந்தபோது நிழல் விழும் பக்கத்தில் பாசி. வீட்டுக்காரர் திட்டவில்லை. எப்போது பார்த்தாலும் தோளில் கைபோட்டு வேலி வரை அழைத்துப் போய், எதுவும் பேசாமல் நின்றுவிட்டு வருவார். திட்டியிருக்கலாம்.

அதிலிருந்து நான் நிறத்தை அடிக்கிற அன்றைக்குப் பார்ப்பதில்லை. மூன்றாம் வருஷம் எப்படி இருக்கும் என்றுதான் பார்க்கிறேன். அடித்த அன்றைக்கு எல்லா நிறமும் அழகுதான். மாப்பிள்ளை அழைப்பன்று எல்லா மாப்பிள்ளையும் அழகாக இருப்பதுபோல.

மூன்று வருஷம் தாக்குப்பிடிப்பது எது? காவி. அது இரும்புத்துரு. ஏற்கெனவே துருவாகிவிட்டதை வெயில் இன்னும் என்ன செய்துவிடும்? பசவனகுடி, மல்லேஸ்வரம் பழைய வீடுகளின் ரெட் ஆக்சைடு தரையும் அதே பொருள்தான், கோயில் மதில் பட்டையும் அதே பொருள்தான். சுவீடனில் ஃபாலுன் என்ற ஊரின் செம்புச் சுரங்கக் கழிவிலிருந்து ஒரு காவி எடுத்து நாடு முழுக்க மரவீடுகளுக்குப் பூசுகிறார்கள். இங்கே இன்னொரு வசதியும் உண்டு: தெறிக்கும் மண்ணும் காவி, பலகையும் காவி. கறை தெரியாது. ஆனால் ஷேட் கார்டில் ‘சிவப்பு’ என்று இருப்பதெல்லாம் காவி இல்லை. நீ வட்டம் போட்ட அந்தச் செம்பருத்திச் சிவப்பும் கத்தரிப்பூ நிறமும் மேற்கு வெயிலுக்கு வெளுத்துப் போகும் ரகம். குளிர்ந்த ஊர் என்று ஏமாறாதே. பெங்களூர் கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று குளிர்ச்சி, வெயில் அப்படியில்லை.

கரிச்சாம்பல் நிறம் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஜப்பானில் பலகையைக் கருக்கிச் சுவரில் பதிப்பார்கள், அந்தப் படங்கள் இவர்கள் போனில் வந்து விழுகின்றன. கருநிறம் செடியை முன்னால் தள்ளிக் காட்டும், சின்னத் தோட்டத்துக்கு ஆழம் கொடுக்கும், உண்மைதான். ஆனால் வெயிலைக் குடிக்கும். பகலில் கொதித்து ராத்திரியில் குளிர்ந்து, பலகை முறுக்கிக்கொள்ளும், மூட்டு வாய்பிளக்கும், பைன் மரமானால் கணுவிலிருந்து பிசின் கசியும். தூங்குமூஞ்சி மரத்தடியில், நன்றாகப் பதப்பட்ட தேக்கு வேலி என்றால் தாராளமாக அடி. உன் படத்தில் இருப்பது சில்வர் ஓக், மேற்குப் பார்த்தது. வேண்டாம்.

இந்த ஊருக்கென்று ஒரு மரவேலை உண்டு, மங்க்கி டாப். பழைய பங்களாக்களின் ஜன்னலுக்கும் வாசலுக்கும் மேலே கூம்பாக, சட்டம் சட்டமாக இறங்கும் மரக்கூண்டு. ரிச்மண்ட் டவுனிலும் பசவனகுடியிலும் இடிக்காமல் விட்டது இன்னும் சிலது இருக்கிறது. நான் சுரண்டிப் பழுதுபார்த்தவற்றில் மேல்கோட்டுக்குக் கீழே பெரும்பாலும் ஒரே பச்சைதான் வந்தது: கறுப்பும் சாம்பலும் கலந்த பாசிப்பச்சை. இலையோடு போட்டிக்கு நிற்காமல் இலைக்குப் பின்னால் இருக்கும் நிழலோடு சேர்ந்துகொள்ளும் நிறம் அது. தூசி படிந்தாலும் காட்டிக்கொடுக்காது.

சுரண்டுவது பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய எனாமலில் ஈயம் இருக்கும். பளிச்சென்ற மஞ்சளிலும் ஆரஞ்சிலும் அதிகம். வீட்டுப் பெயிண்டில் 90 பிபிஎம்முக்கு மேல் ஈயம் கூடாது என்று 2016இல்தான் விதி வந்தது, 2017 நவம்பரில்தான் அமலானது. அதற்கு முந்தின கோட் எது இருந்தாலும் காய்ந்த உப்புத்தாள் போடாதே. நனைத்துத் தேய், மூக்கைக் கட்டு, தூளை வாரிக் கட்டிப் போடு, அந்தச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்காதே. எங்கள் காலத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

நிறத்தோடு சேர்த்து, எனாமலா ஸ்டெயினா என்பதையும் முடிவு செய். எனாமல் மரத்தின்மேல் தோல்போல உட்காரும்; ஒரு இடத்தில் கிழிந்தால் தண்ணீர் உள்ளே போய் ஏடு ஏடாக உரியும். ஸ்டெயின் மரத்துக்குள் ஊறும், மெல்ல மங்கும், பழையதைச் சுரண்டாமல் மேலேயே இன்னொரு கோட் போடலாம். நிறங்கள் குறைவு, அவ்வளவுதான். எதை எடுத்தாலும் பலகையின் வெட்டுமுனைக்கு இரண்டு கோட் கூடுதலாகக் கொடு. மழை பெரும்பாலும் அங்கேதான் இறங்குகிறது. வேலியின் அடியும் மண்ணைத் தொடக்கூடாது.

சரி, உன் பதினொன்றுக்கு வருகிறேன். நான் இரண்டைத்தான் வைத்துக்கொள்வேன்: காவி, சாம்பல் ஏறின பாசிப்பச்சை. படத்தில் வேலிமேல் சாய்ந்திருக்கிறதே ரோஸ் நிற போகன்வில்லா, அது இல்லாவிட்டால் காவி என்றே சொல்லியிருப்பேன். காவிக்கு முன்னால் அந்த ரோஸ் செத்துப்போகும். ஆகவே பாசிப்பச்சை. கார்டில் பிடித்ததைவிட ஒரு படி மங்கலானதை எடு. அறுபதடி நீளத்தில் எந்த நிறமும் தன்னைப்போல ஒரு படி உரக்கப் பேசும்.

வீட்டுப் பெரியம்மா மஞ்சள்தான் வேண்டும் என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். அவரோடு வாதாடாதே. இரும்பு கேட் இருக்கிறது அல்லவா, அதற்கு மஞ்சள் அடித்துக் கொடு. மங்கினால் அரை நாள் வேலை. அவர் வாசலில் உட்கார்ந்து பார்ப்பதும் கேட்டைத்தான். கன்னடத்தில் பேசு. நம் வண்ணம்தான் அவர்களுக்கு பண்ண, நம் வேலிதான் அவர்களுக்கு பேலி. அவ்வளவு நெருங்கின வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஆங்கில ஷேட் பெயரைச் சொல்லி ஏன் மிரட்டுகிறாய்?

நாளைக்கே அதே சில்வர் ஓக்கில் இரண்டடித் துண்டு மூன்று வெட்டு. பிரைமரும் இரண்டு கோட்டும் அடி: பாசிப்பச்சை, அதைவிட மங்கல் ஒன்று, காவியும் ஒன்று, அவர்களே பார்த்துவிடட்டும். ஈரத்தில் காட்டாதே, நன்றாகக் காய்ந்த பிறகு மேற்குப் பக்கம் போகன்வில்லாவுக்குக் கீழே கட்டு. காலை ஏழு மணிக்கு ஒருமுறை, உச்சியில் ஒருமுறை, சாயங்காலம் ஐந்தரைக்கு ஒருமுறை பார்க்கச் சொல். ஒரு குடம் தண்ணீரை அடியில் வேகமாக ஊற்றி மண்ணைத் தெறிக்கவிட்டு, மறுநாளும் பார்க்கச் சொல். இப்போது பிப்ரவரி. பத்து நாள் இதில் போனாலும் மார்ச்சுக்குள் முடித்துவிடலாம்.

குடத்தை ஊற்றியபிறகு ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்
அல்சூர், பெங்களூர்