குளிக்கவா அண்டார்க்டிகா?

“சார், அண்டார்க்டிகாவில் எரிமலைத் தீவு ஒன்று இருக்காமே? சுற்றிலும் பனி, நடுவில் வெந்நீர்க் குளம். இறங்கிக் குளிக்கலாமாமே?”

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றுகிறது. நிலவியல் படித்தவன் என்பதால் பார்த்தவர்கள் எல்லாம் என்னிடம் வந்து நிற்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது.

தீவின் பெயர் டிசெப்ஷன், அதாவது ஏமாற்று. தெற்கு ஷெட்லாந்து தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் முழு மலை. உள்ளே நுழைந்தால் வயிறே இருக்காது. சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்து, உச்சி உள்ளே சரிந்து, அந்தப் பள்ளத்தில் கடல் புகுந்துகொண்டது. கப்பல் போக ‘நெப்டியூன்ஸ் பெல்லோஸ்’ என்ற குறுகிய வாசல் ஒன்றுதான். அதன் நடுவிலும் நீருக்கடியில் ஒரு பாறை ஒளிந்திருக்கிறது.

ஆக, உள்ளே கிடப்பது குளமல்ல, கடல். கோடையிலும் இரண்டு, மூன்று டிகிரிதான். அப்படியானால் படத்தில் தெரியும் ஆவி? அது நிஜம். அடியில் சூடேறிய நிலத்தடி நீர் கரை மணல் வழியே கசிகிறது, சில இடங்களில் 70 டிகிரி வரைகூட. வெந்நீர் லேசானது. பாலின் மேல் ஏடு போலக் கரையோரம் மிதக்கும், அடுத்த அலை வந்தால் போச்சு. அங்கே போனபோது நான் நின்ற இடத்தில் கறுப்பு மணலுக்குள் விட்ட விரல் சுட்டது. இரண்டடி தள்ளிக் கடலில் விட்ட கை மரத்துப்போனது. இதில் எங்கே குளிப்பது?

முன்பு பயணிகளுக்காகக் கரையில் குழி வெட்டி, இரண்டு நீரையும் கலக்கவிட்டு உட்காரவைத்ததுண்டு. நீங்கள் பார்த்த ‘குளம்’ அந்தக் குழிதான். தோண்டினால் வைகை மணலிலும்தான் நீர் ஊறும்! அண்டார்க்டிகாவில் வேறெங்கும் இல்லாத பாசிகள் அந்தச் சூட்டு மண்ணை நம்பி வாழ்கின்றன. அதனாலேயே சில பகுதிகளில் அனுமதி இல்லாமல் யாரும் காலே வைக்கக் கூடாது. அங்கே மண்வெட்டியோடு போக உங்களுக்கு என்ன அவ்வளவு ஆசை?

இன்னொரு கதை, எரிமலை செத்துவிட்டதாம். 1967, 1969, 1970 என்று மூன்று முறை வெடித்தது அது. முதல் வெடிப்பில் சிலி நாட்டு நிலையம் அழிந்தது. 1969இல் உருகிய பனியும் சாம்பலும் சேறாகப் பாய்ந்து பிரிட்டிஷ் நிலையத்தைச் சிதைத்து, திமிங்கில வேட்டைக்காரர்களின் கல்லறைகளையும் மூடிவிட்டது. இப்போது ஸ்பெயின்காரர்களும் அர்ஜென்டினாக்காரர்களும் கோடையில் மட்டும் வந்து நில அதிர்வைக் கவனிக்கிறார்கள்.

சூட்டில் பனியே தங்காதாம். தீவில் பாதிக்கு மேல் பனியாறுதான். சாம்பல் படிந்து கறுத்திருப்பதால் மண் என்று நினைக்கிறார்கள். பனிக்கரடியும் உண்டாம். அது வட துருவத்து விலங்கு, அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

போகிறவர்கள் குளியல் உடையை விட்டுவிட்டு, பழைய பல்துலக்கி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காலணி அடி, பாக்கெட் மூலை, வெல்க்ரோ எல்லாவற்றையும் தேய்த்துத் துடையுங்கள். தென் அமெரிக்கச் செடிகள் ஏற்கெனவே இந்தத் தீவில் முளைத்துப் பிடுங்கப்பட்டிருக்கின்றன. கப்பலில் என் கால்சட்டை மடிப்பைச் சோதித்த பெண், இடுக்கியால் இரண்டு விதைகளை எடுத்து விளக்கொளியில் காட்டினார். நாயுருவி. எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து வந்தது.