பூனையின் உணவும் மருத்துவர் சொல்லும்

'பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்' என்பது நம் நாட்டுப் பழமொழி. பூனையென்றாற் பாலும், பாலென்றாற் பூனையும் ஒருங்கே நினைவில் எழுமாறு இவ்விரண்டும் தமிழர் பேச்சிற் பிணைந்து கிடக்கின்றன. கம்பரும் தம் அவையடக்கத்திற் பாற்கடலை நக்கப் புகுந்த பூனைக்கே தம்மை ஒப்பிட்டனர். ஆயின், பூனைக்குப் பாலும் சோறும் போதா என்கின்றனர் கால்நடை மருத்துவர். "எம் பாட்டியார் பாற்சோறிட்டே வளர்த்தனர், அப்பூனை நன்றாகவே வாழ்ந்தது" என்கின்றனர் இல்லத்தார். இவ்விரு திறத்தார் கூற்றும் எத்துணை ஏற்புடையன என்பதை ஈண்டு ஆராய்வாம்.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு இவ்வாராய்ச்சி அயலதன்று. நாமக்கல்லிற் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. முட்டைக்குப் பெயர்பெற்ற அவ்வூர்ப் பக்கத்திற் கோழிப்பண்ணை நடத்துவோர், மக்காச்சோளம் இத்தனை, சோயாப் பிண்ணாக்கு இத்தனை, சுண்ணாம்புச் சத்து இத்தனை என்று நிறுத்தே தீவனம் கலக்கின்றனர். அங்கே மருத்துவர் சொல்லை மறுப்பார் அரியர். தீவனம் பிழைத்தால் முட்டை குறையும், குறைவு கணக்கிலே தெரியும். பூனையோ முட்டையிடுவதில்லை; பால் கறப்பதுமில்லை. அதன் குறை கணக்கில் ஏறாது. ஆதலாற் கோழிக்குக் கணக்கும், பூனைக்கு மிஞ்சிய சோறும் என்று வைத்துவிட்டோம்.

முதலிற் பூனையின் இயல்பை நோக்குவாம். தொல்காப்பிய மரபியல், வெருகு என்னும் காட்டுப்பூனையையும் எலியையும் ஒரே நூற்பாவில் வைத்து, இரண்டின் இளமைக்கும் குட்டி என்னும் பெயரை உரிமையாக்குகிறது. இலக்கணத்தில் அயலாராய் நிற்கும் இவ்விரண்டும் இயற்கையில் உண்பதும் உண்ணப்படுவதுமாய் நிற்கின்றன. நாய் ஊனும் சோறும் கலந்து உண்டு வாழ வல்லது, பூனை அங்ஙனமன்று. காய்கறியிலுள்ள மஞ்சள் நிறச் சத்தை உயிர்ச்சத்து 'ஏ' ஆக மாற்றிக்கொள்ள அதன் உடலால் இயலாது. டாரின் என்னும் பொருளையும் அது தனக்குப் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. இப்பொருள் ஊனிலும் மீனிலும் உண்டு. அரிசியிலும் பருப்பிலும் இல்லை.

இதனை உலகிற்கு உணர்த்தியது 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி. ஹேஸ், கேரி, ஷ்மிட் என்னும் மூவர், பாலிலுள்ள கேசீன் என்னும் புரதத்தையே புரதமாகக் கொண்ட உணவைப் பூனைகளுக்கு இட்டுப் பார்த்தனர். அவற்றின் உடலில் டாரின் குறைந்து, கண்ணின் விழித்திரை சிதைந்தது. பாற்சோறு உண்ணும் பூனைக்கு வரக்கூடிய கேடு யாதென்பது இதனால் விளங்கும். மேலும், குட்டிப்பருவம் கழிந்தபின் பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் ஆற்றல் பல பூனைகளுக்குக் குன்றுகிறது, கழிச்சல் உண்டாகிறது. இனிப்பைச் சுவைத்தறியும் உறுப்பமைதியும் பூனைக்கில்லை என்பது 2005ஆம் ஆண்டிற் புலனாயிற்று. ஆகவே பூனை பாலை விரும்புதல் அதன் இனிமை கருதியன்று. விரும்புதல் ஒன்றே தகுதிக்குச் சான்றுமன்று.

அங்ஙனமாயின் பாட்டியார் வளர்த்த பூனை வாழ்ந்தது எவ்வாறு? விடை குதிரடியில் உள்ளது. அந்நாளில் வீடுதோறும் நெல்லும் கம்பும் கேழ்வரகும் இருந்தன. அவற்றை நாடி எலிகள் வந்தன. எலிகளைப் பூனை தின்றது. கொட்டாங்கச்சியில் ஊற்றிய பாற்சோறு அதற்குச் சிற்றுண்டியேயன்றிப் பேருண்டியன்று. பாட்டியார் கண்டது தாம் இட்டதை. காணாதது பூனை தானே தேடிக்கொண்டதை. இன்று சேலத்து மாடிவீட்டில், கதவடைத்த அறையில் வளரும் பூனைக்குக் குதிரும் இல்லை, எலியும் இல்லை. நாம் இடுவதே அதற்கு உலகத்து உணவு முழுதும். பழைய வழக்கத்தின் ஒரு பாதியை விடுத்து மறுபாதியை மட்டும் பற்றி நிற்பது மரபைப் போற்றுதலாகாது.

இனி, "ஊனுண்ணியாயின் பச்சை ஊனே இடுவோம், அதுவன்றோ இயற்கை" என்பார் மற்றொரு சாரார். இதனையும் மருத்துவர் பலர் உடன்படார். பச்சை இறைச்சியில் நோய்க்கிருமிகள் இருத்தல் கூடும். அவை பூனையை மட்டுமன்றி வீட்டாரையும் தாக்கும். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்துவாராவில் வீட்டுப் பூனைகளிடமும் பறவைக் காய்ச்சல் நுண்மம் காணப்பட்டது. கோழியை நம்பி வாழும் நம் பகுதியினர் இதனை எளிதிற் புறக்கணித்தல் தகாது. பச்சை மீன்கள் சிலவற்றில் தயமின் என்னும் உயிர்ச்சத்தை அழிக்கும் பொருளும் உண்டு. வேகவைத்தால் இவ்வச்சங்கள் நீங்கும். வேகும்போது டாரினில் ஒரு பங்கு நீரில் இறங்குமாதலின், உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத அந்நீரையும் உடன் ஊற்றுக. எனினும் எலும்பில்லா ஊன்மட்டும் இட்டாற் சுண்ணாம்புச் சத்துக் குறையும். ஈரலே நாடோறும் இட்டால் உயிர்ச்சத்து 'ஏ' மிகுந்து எலும்பு கெடும். ஆகவே வீட்டுச் சமையலாயினும் மருத்துவரிடம் அளவு கேட்டே இடல் வேண்டும்.

மூன்றாவது வழக்குப் பொட்டல உணவைப் பற்றியது. மருத்துவர் அதனைப் பரிந்துரைக்கின்றனர். இல்லத்தார் வணிகர் சரக்கென்று ஐயுறுகின்றனர். இவ்வையம் அடிப்படையற்றதன்று. 1987ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்துப் பயான் என்னும் கால்நடை மருத்துவரும் துணைவரும், கடையுணவு உண்ட பூனைகள் பலவற்றின் இதயம் தளர்ந்து விரிந்ததற்கு டாரின் குறைவே காரணமென்று காட்டினர். டாரின் கொடுத்தபின் இதயம் தேறிற்று. அதன்பின் உணவு செய்வோர் அதன் அளவை உயர்த்தினர். அஃதாவது, பொட்டலமும் பிழைத்தது. அப்பிழையை அளந்து கண்டு திருத்தியவரும் மருத்துவரே. மேலும், உலர் உணவில் நூற்றுக்குப் 10 பங்களவே நீர் உண்டு. எலியின் உடலிலோ ஏறத்தாழ 70 பங்கு. இயல்பாகவே தாகம் குறைந்த பூனைக்கு இக்குறை சிறிதன்று. இதனை எடுத்துக்காட்டி வினவும் இல்லத்தாரை மருத்துவர் இகழ்தல் முறையன்று.

மறுத்தல் தவறன்று, மறுக்கும் முறையே நோக்கற்பாலது. மருத்துவர்முன் தலையசைத்துவிட்டு வீடு சென்று விரும்பியதை இடுவதே மிகத் தீயது. உண்மை அறியாத மருத்துவர் நோயின் வேரைக் காணார். பூனை என்ன உண்கிறது, எவ்வளவு நீர் அருந்துகிறது, எடை ஏறிற்றா இறங்கிற்றா என்பவற்றை ஒரு தாளில் எழுதிச் சென்று, "இங்ஙனம் இடுகிறோம், இதில் யாது குறை? ஏன்?" என்று கேட்டல் வேண்டும். மருத்துவர் பூனையைச் சில நிமிடம் காண்கிறார். நாம் நாடோறும் காண்கிறோம். 'புது உணவை அது தொடவில்லை' என்பது பிடிவாதப் பேச்சன்று, அறியத்தக்க செய்தி. பட்டினியிட்டுப் பழக்குவது ஈரலைக் கெடுக்குமாதலின், பழையதிற் புதியதைச் சிறிது சிறிதாகக் கலந்தே மாற்றுக. ஆண்பூனை சிறுநீர் கழிக்க முடியாது வருந்தின் வாதத்திற்கு இடமில்லை. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

பாட்டியார் அன்பையும், மருத்துவர் அளவையும், நம் கண்ணையும் ஒருங்கு சேர்த்தலே நேரிது என்பது நம் துணிபு. பூனை தனக்கு நேர்ந்த குறையை வாய்விட்டு உரைக்க மாட்டாது. நம் வாதத்தில் யார் வென்றாலும் தோற்றாலும், ஒளியிழப்பது அதன் கண்ணேயாகும்.