நிவாரண மூட்டையில் கிடைக்காத அளவு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரை மீறி ஏரல், ஸ்ரீவைகுண்டம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. பீரோவில் இருந்த துணியெல்லாம் சேறாகிப் போன குடும்பங்கள் ஏராளம்.

அல்ஹம்துலில்லாஹ், நல்லுள்ளம் படைத்தவர்கள் அனுப்பிய உடைகள் மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்தன. ஆண், பெண், குழந்தை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுத்தோம். குறையில்லாமல் முடித்துவிட்டோம் என்றே நினைத்திருந்தோம்.

நான்காம் நாள் பெண் தொண்டர் ஒருவர் சொல்லித்தான் எங்கள் தவறு தெரிந்தது. உடல் பருத்த, ஒரு காலில் யானைக்கால் வீக்கமுள்ள ராத்தா ஒருவர், வெள்ளம் வந்த இரவில் உடுத்தியிருந்த அதே மேக்சியில்தான் அதுவரை இருந்தார். மூட்டையில் இருந்த எந்த நைட்டியும் அவருக்குத் தோளைத் தாண்டி இறங்கவில்லை. தொழும்போது மட்டும் போர்வையைச் சுற்றிக்கொண்டார். ஏன் கேட்கவில்லை என்று தொண்டர் விசாரித்தபோது, “இத்தன பேரு நிக்கயில என் சைசைச் சொல்லி எப்படிம்மா கேட்பேன்? நாலு மீட்டர் துணியும் தைக்கத் தெரிஞ்ச ஒரு ஆளும் கிடைச்சாப் போதும்” என்றார்.

தைத்த உடை எல்லோருக்கும் பொருந்தாது. துணியும் அளவும் தையல்காரரும் இருந்தால் யாருக்கும் உடை கிடைக்கும். இந்தப் பாடத்தின் சாரம் இதுதான்.

யாரெல்லாம் இதில் சேருவார்கள்?

மிகப் பருத்தவர்கள், மிக உயரமானவர்கள் மட்டும் என்று எண்ண வேண்டாம். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், போலியோவால் கால் சூம்பி உலோகப் பட்டை அணிபவர்கள், பக்கவாதத்தால் ஒரு கை தூக்க முடியாதவர்கள், கூன் விழுந்த முதியவர்கள், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர்கள், மார்பக அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் எல்லோரும் இதில் அடக்கம். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் செருப்பும் இதே பிரச்சினைதான். கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு வெள்ளத்தில் நடந்தால், கால் புண்ணானதுகூட அவர்களுக்குத் தெரியாது.

சாதாரண உடலமைப்பு உள்ளவர் இழந்த உடைகளைச் சில மாதங்களில் சேர்த்துவிடுவார். உறவினர் கொடுப்பார்கள், கடையிலும் கிடைக்கும். இவர்களுக்கு உறவினர் உடையும் பொருந்தாது, கடையிலும் அந்த அளவு அரிது. தைக்கக் கூலி வேண்டும். வழக்கமான தையல்காரரின் கடையும் வெள்ளத்தில் போயிருக்கும். நிவாரணம் ஓய்ந்த பிறகுதான் இவர்களின் சிரமம் தொடங்குகிறது. எனவே ஓராண்டுக்கு யோசிக்க வேண்டும்.

மூன்று கட்டங்கள்

முதல் வாரம்: தையல் இல்லாமல் உடுத்தக்கூடியவை தேவை. சேலை யாருக்கும் பொருந்தும், பிளவுஸ்தான் பொருந்தாது. ஆகவே சேலையோடு பெரிய மக்கனாவும், எலாஸ்டிக் இல்லாமல் நாடா கோத்த அகலமான உள்பாவாடையும் வையுங்கள். 2 மீட்டர் சுற்றுள்ள கைலி பருத்த ஆணுக்கு நடக்கும்போது விலகும். தொப்புள் முதல் முழங்கால் வரை மறைய வேண்டிய தொழுகைக்கு அது போதாது. மூட்டாத கைலி இரண்டு இருந்தால், தேவையான அளவு ஒட்டுப் போட்டு மூட்டிக்கொள்ளலாம்.

முதல் மூன்று மாதம்: அளவெடுத்துத் தைத்த உடை இரண்டு செட், உள்ளாடை, செருப்பு. ஒன்று காயும்போது ஒன்று உடுத்த வேண்டுமல்லவா?

ஓராண்டு வரை: வேலைக்குப் போகும் உடை, பள்ளிச் சீருடை, வெளியே செல்லப் புர்கா, பெருநாள் உடை. பெருநாளன்று புத்தாடை இல்லாமல் வீட்டுக்குள் இருந்துவிடுகிறவர்கள் நம் தெருவிலும் இருக்கக்கூடும்.

வீட்டில் செய்ய வேண்டியது

நன்றாகப் பொருந்தும் பழைய உடை ஒன்றைத் தூக்கிப் போடாமல் ‘அளவு உடை’யாக எடுத்து வையுங்கள். உடுத்துபவர் வர இயலாவிட்டாலும் தையல்காரருக்கு அது போதும்.

மார்பு, வயிறு, இடுப்பு, தோள், மேற்கை பருமன், கை நீளம், மொத்த உயரம் ஆகியவற்றை இஞ்சில் எழுதுங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு உட்கார்ந்த நிலையில் அளவெடுக்க வேண்டும். உட்கார்ந்தால் பேன்ட்டின் பின்பக்கம் கீழே இறங்கும், காலும் குட்டையாகும். ஆகவே பின்பக்கத்தை உயர்த்தியும் காலை நீட்டியும் தைக்கச் சொல்லுங்கள். பக்கவாதம் உள்ளவருக்கு முன்பக்கம் முழுதும் திறக்கும் சட்டை நல்லது. உடுத்தும்போது பாதிக்கப்பட்ட கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும். இதையும் அதே தாளில் எழுதினால் புதிதாக உதவ வருபவருக்குப் பயன்படும்.

ஒரு உடைக்கு 36 இஞ்சு பன்னாவில் எத்தனை மீட்டர், 44 இஞ்சு பன்னாவில் எத்தனை மீட்டர் என்று தையல்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பாதத்தைத் தாளில் வைத்துக் கோடு வரைந்தால் செருப்பு வாங்கப் போகிறவர் தடுமாற மாட்டார்.

பருத்தித் துணியை நனைத்துக் காயவைத்த பிறகே எடுத்து வையுங்கள். இல்லையெனில் தைத்த பின் சுருங்கும். தைக்கும்போது உள்ளே துணி விட்டுத் தைத்தால் பின்னர் பிரித்து விடலாம். எல்லாவற்றையும் கெட்டியான பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் வையுங்கள். அளவுத் தாளைக் கைப்பேசியில் படம் பிடித்து வெளியூர் உறவினர் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஜமாஅத் செய்ய வேண்டியது

மஹல்லாவில் இத்தகையோர் யார் என்று ஒரு குறிப்பேடு வேண்டும். அவர்கள் சம்மதித்தால் மட்டுமே எழுத வேண்டும். பெண்களின் அளவைப் பெண்களே எடுத்து, பெண்களே பாதுகாக்க வேண்டும். பைத்துல்மாலில் இருந்து ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்கி, ஒரே நிறத்தில் கெட்டியான துணி வாங்கி மாடியில் வைக்கலாம். வெள்ளத்தில் மின்சாரம் இருக்காது. ஆகவே கால் மிஷின் வைத்திருக்கும் தையல்காரர்களின் பட்டியல் தேவை. மாடியில் ஒரு கால் மிஷின் இருந்தால் இன்னும் நல்லது. தைப்பவருக்குக் கூலி கொடுங்கள். வெள்ளம் அவருடைய பிழைப்பையும் பாதித்திருக்கும்.

வழங்கும்போது அளவைக் கூவி அழைக்க வேண்டாம். பெயர் எழுதிய பையை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.

அளவு மாறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கொரு முறையும், வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கொரு முறையும் அளவைச் சரிபாருங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரில் ஒருநாள் பையைப் பிரித்து, துணியை வெயிலில் காட்டி, மீண்டும் கட்டி வையுங்கள்.

இந்த மாதப் பயிற்சி

1. நம் வீட்டில், பக்கத்து வீட்டில், கடையில் எளிதாக உடை கிடைக்காதவர் யார்?
2. இன்றிரவு வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தால் நாளை ஃபஜ்ருக்கு அவர் எதை உடுத்துவார்?
3. அவருடைய அளவு அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லையென்றால், இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு இஞ்சு டேப்போடு அந்த வீட்டுக்குச் சென்று வாருங்கள். அந்த ராத்தாவின் அளவு இப்போது எங்கள் பெண் தொண்டரின் குறிப்பேட்டில் இருக்கிறது. அடுத்த மழைக்கு அவர் நான்கு நாள் காத்திருக்க மாட்டார், இன்ஷா அல்லாஹ்.