இரவு 2 மணிக்குப் பூனை ஏன் கத்துகிறது?

லண்டனில் வளர்ந்த ஒரு பூனை, டிசம்பர் மாதத்தில் தன் குடும்பத்தோடு சிங்கப்பூருக்குக் குடிவருகிறது என்று வைத்துக்கொள்வோம். புது வீட்டில் மெத்தென்ற சோபா உண்டு. பிடித்த உணவு உண்டு. சன்னலில் உட்கார்ந்தால் மைனாக்களை வேடிக்கை பார்க்கலாம். ஆனால், பூனையோ கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வர மறுக்கிறது. பகலெல்லாம் தூங்கிவிட்டு, இரவு 2 மணிக்கு எழுந்து கத்துகிறது. “இவ்வளவு செலவு செய்து கூட்டி வந்தோமே, இப்படிப் படுத்துகிறதே!” என்று வீட்டார் அலுத்துக்கொள்கிறார்கள்.

பூனை அடம்பிடிக்கவில்லை. நமக்கு வீடு என்றால் முகவரி, கதவு எண், அறைகள். பூனைக்கு வீடு என்றால் பழகிய நேரம், பழகிய வாசனை, பழகிய வெப்பம். மூன்றுமே ஒரே நாளில் மாறிவிட்டன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உடலுக்குள் ஒரு கடிகாரம்

பாலூட்டிகளின் மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற பகுதி உள்ளது. அங்கே, பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே, ஒரு சிறிய நரம்பணுக் கூட்டம் இருக்கிறது. அதுதான் உடலின் தலைமைக் கடிகாரம். எப்போது விழிப்பது, எப்போது பசிப்பது என்பதெல்லாம் அதன் தாளத்தைப் பின்பற்றியே நடக்கின்றன.

இப்போது ஒரு சிறு கணக்கு. டிசம்பரில் சிங்கப்பூர் நேரம் லண்டனைவிட 8 மணி நேரம் முன்னால் உள்ளது. லண்டனில் நம் பூனைக்கு மாலை 6 மணிக்கு உணவு கிடைத்து வந்தது. அப்போது சிங்கப்பூரில் மணி என்ன? மறுநாள் அதிகாலை 2! பூனையின் வயிறு இன்னும் லண்டன் நேரத்தில்தான் இருக்கிறது. அதன் கணக்குப்படி, சாப்பாட்டு நேரம் வந்தும் தட்டு காலியாக இருக்கிறது.

இந்தக் கடிகாரத்தைத் திருத்தி அமைக்கும் முக்கியக் கருவி வெளிச்சம். விழித்திரை வெளிச்சத்தை உணர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்ப, கடிகாரம் நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நகர்கிறது. ஆகவே, காலையில் திரைச்சீலையை நன்றாகத் திறந்துவிடுங்கள். உள்ளூர் நேரப்படி தினமும் ஒரே வேளையில் உணவு வையுங்கள். படுக்கும் முன் கொஞ்ச நேரம் விளையாட்டுக் காட்டிவிட்டு உணவு கொடுத்தால், அது வயிறு நிறைந்து தூங்கும். அதிகாலை 2 மணிக்கு எழுந்து உணவு வைக்கும் வழக்கத்தை மட்டும் தொடங்காதீர்கள். கத்தினால் உணவு வரும் என்று பூனை வெகு விரைவில் கற்றுக்கொள்ளும்.

வாசனையால் வரைந்த வரைபடம்

பூனை உங்கள் காலிலும் நாற்காலி முனையிலும் கன்னத்தை உரசுவதைப் பார்த்திருப்பீர்கள். கன்னத்தில் உள்ள சுரப்பிகள் பெரோமோன் என்னும் வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. நம் மூக்குக்கு அவை எட்டா. ஆனால், பூனையின் மேல்வாயில் ஜேகப்சன் உறுப்பு என்ற தனிப்பட்ட உணர்வுறுப்பு உண்டு. ‘இது எனக்குப் பழகிய இடம்’ என்ற அடையாளத்தைப் பூனை இப்படித்தான் வீடெங்கும் பதித்து வைக்கிறது. புது வீட்டிலோ அந்த வரைபடம் வெற்றுத் தாளாக இருக்கிறது.

எனவே, புறப்படும் முன் எல்லாவற்றையும் துவைத்துப் பளிச்சென்று கொண்டுவர வேண்டும் என்று அம்மா சொன்னாலும், பூனை படுத்த பழைய துண்டை மட்டும் துவைக்காமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். நமக்கு அது அழுக்குத் துண்டு. பூனைக்கு அது பழைய வீட்டின் ஒரு பகுதி.

இன்னொன்று, காலி அட்டைப் பெட்டி. நெதர்லாந்தில் ஒரு விலங்குக் காப்பகத்திற்குப் புதிதாக வந்த 19 பூனைகளை வைத்து ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்தனர்; 9 பூனைகளுக்குக் கொடுக்கவில்லை. பெட்டி கிடைத்த பூனைகளின் மன அழுத்தம் விரைவாகக் குறைந்தது. அந்த ஆய்வு 2014இல் வெளியானது. ஒளிந்துகொள்வது பூனைக்குத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் வழி. அதை வெளியே இழுக்காதீர்கள். முதலில் ஓர் அறையைப் பழகட்டும். பிறகு கதவைத் திறந்துவிடலாம்.

வெப்பம்: பூனைக்கு ஒரு கணக்கு, நாய்க்கு ஒரு கணக்கு

உடல் வெப்பத்தைக் காக்கக் கூடுதல் ஆற்றல் செலவிடத் தேவையில்லாத சூழல் வெப்பநிலை, பூனைக்குச் சுமார் 30 முதல் 38 பாகை செல்சியஸ். குளிர்சாதனம் 24 பாகையில் ஓடும் அறையில் நாம் சுகமாக இருப்போம்; பூனையோ சன்னலோரம் விழும் வெயிலைத் தேடிப் போய்ப் படுக்கும். லண்டன் டிசம்பரில் பகல் ஏறக்குறைய 8 மணி நேரம்தான். இங்கே ஆண்டு முழுவதும் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது. வெயில் காய்வது, இடம் மாறிய பூனைக்குக் கிடைக்கும் முதல் இன்பம் என்றே சொல்லலாம்.

நாய்க்கு இந்த வெயில் அவ்வளவு இனிப்பாக இருக்காது. நாய் நம்மைப்போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்போது, ஈரம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரப்பதம் மிகுந்திருந்தால் ஆவியாதல் மெதுவாகும். நம் ஊர்க் காற்று எப்படி என்று உங்களுக்கே தெரியும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சிரமம் இன்னும் அதிகம். குளிர்நாட்டிலிருந்து வந்த நாயை வெயில் ஏறும் முன்போ, பொழுது சாய்ந்த பிறகோ நடக்க அழைத்துச் செல்லுங்கள். உங்கள் புறங்கையை நடைபாதையில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் பாதத்திற்கும் சுடும்.

சட்டங்களுக்குப் பின்னால் உள்ள அறிவியல்

சிங்கப்பூர் 1953 முதல் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு. ரேபிஸ் கிருமி, கடிபட்ட இடத்திலிருந்து நரம்புகள் வழியாக மூளைக்குச் செல்கிறது. அறிகுறி தெரிய வாரங்களோ மாதங்களோ ஆகலாம். அதனால்தான் நோய் உள்ள நாடுகளிலிருந்து வரும் விலங்குகளுக்குத் தடுப்பூசி, இரத்தப் பரிசோதனை, தனிமைப்படுத்தல் எனப் பல கட்டங்கள் உள்ளன.

வீவக வீடுகளில் பூனை வளர்க்க 2024 செப்டம்பர் 1 முதல் அனுமதி உண்டு. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம். உரிமமும் மைக்ரோசிப்பும் தேவை. அரிசி மணி அளவேயுள்ள அந்தச் சில்லில் மின்கலன் கிடையாது. கருவியை அருகில் கொண்டு சென்றால், மின்காந்தத் தூண்டலால் சில்லு உயிர்பெற்றுத் தன் 15 இலக்க எண்ணைச் சொல்லும். அது பூனை எங்கே ஓடியது என்று காட்டாது. கண்டெடுத்தவர் உங்களைத் தேடிப் பிடிக்கத்தான் உதவும். ஆகவே, சன்னல்களுக்கு வலை போடுவதைப் பூனை வீட்டுக்கு வருமுன்பே முடித்துவிடுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்?

ஒளிந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், பட்டினியைப் பொறுக்கக் கூடாது. பூனை சாப்பிடாமல் இருந்தால் அதன் உடல், சேமித்த கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாமல் கொழுப்பு அங்கேயே தேங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். பருத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். ஒரு நாள் முழுவதும் உணவைத் தொடவில்லை என்றால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். நாய் அளவுக்கு மீறி மூச்சிரைத்துத் தள்ளாடினால், உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடலைத் தண்ணீரால் நனைத்து, மருத்துவரிடம் விரையுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ நண்பர் வீட்டிலோ பூனை இருந்தால், ஒரு வாரம் காலை, மாலை, இரவு என மூன்று வேளையும் பத்து நிமிடம் கவனியுங்கள். தூக்கம், உணவு, ஒளிதல், கன்னம் உரசுதல் ஆகிய நான்கையும் அட்டவணையில் குறியுங்கள். இடம் மாறி வந்த பூனையாக இருந்தால் இன்னும் நல்லது. நாற்காலியில் கன்னத்தை உரசிய முதல் நாளைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். தன் வரைபடத்தை அது வரையத் தொடங்கிய நாள் அது.