மரத்தில் தொங்கும் கூழைக்கடா



கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு மரத்தை அலங்கரிக்க நட்சத்திரம், மணி, சம்மனசு என்று பல உருக்களை வாங்குகிறோம். அமெரிக்காவின் கடலோர மாநிலமான லூயிசியானாவில் இவற்றோடு ஒரு பறவையையும் தொங்கவிடுவார்கள். வருஷத்துக்கொன்று புதிதாக வாங்கிச் சேர்ப்பவர்களும் உண்டு. அது அவர்கள் கடற்கரையில் வாழும் பழுப்புக் கூழைக்கடா.

திருநாள் மரத்தில் இந்தப் பறவைக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தாய்ப் பறவை தன் நெஞ்சைக் கொத்தி, அந்த இரத்தத்தால் குஞ்சுகளைப் பிழைப்பிக்கும் என்று முற்காலத்தவர் நம்பினார்கள். ஆகையால் திருச்சபை அதை, நமக்காக இரத்தம் சிந்திய சேசுநாதருக்கு அடையாளமாகக் கொண்டது. பல கோவில்களின் நற்கருணைப் பேழையில் இவ்வுருவைக் காணலாம். லூயிசியானாவின் கொடியிலும் இதே காட்சிதான். உண்மையில் பறவை நெஞ்சைக் கொத்துவதில்லை. மீனை விழுங்கி வந்து, கக்கி ஊட்டுகிறது.

இனி நடந்ததைக் கேளுங்கள். வயலில் தெளித்த பூச்சிமருந்து ஆற்றோடு கடலுக்குப் போய் மீனில் ஏறிற்று. மீனைத் தின்ற பறவைகள் மடிந்தன. டி.டி.டி. மருந்தினால் முட்டையோடு மெலிந்து, அடைகாத்த தாயின் பாரத்திலேயே நொறுங்கிற்று. 1963-க்குள் அங்கே கூடு கட்ட ஒரு கூழைக்கடாவும் இல்லை. 1966-இல் அதையே தங்கள் மாநிலப் பறவையென்று சட்டம் செய்தார்கள்! கொடியில் இருந்தது, கரையில் இல்லை.

நல்லவேளையாக அவர்கள் அதோடு நிற்கவில்லை. 1968 முதல் 1980 வரை புளோரிடாவிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட இளம் பறவைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. பறவை மீண்டும் பெருகி, 2009-இல் அழியும் உயிர்களின் பட்டியலிலிருந்து நீங்கிற்று. மறு வருஷமே கடலில் எண்ணெய் பெருகிப் பல பறவைகள் மாண்டன. ஒருமுறை காப்பாற்றிவிட்டு ஓய்ந்திருக்க முடியாது.

பிரியமானவர்களே, உருவைப் போற்றுவது எளிது. உயிரைப் பேணுவதே பிரயாசை. மாதா படத்துக்குத் தவறாமல் விளக்கேற்றுகிறோம். அடுப்படியில் நிற்கும் தாய் சாப்பிட்டாளா என்று கேட்க மறக்கிறோம். குடிலில் பாலனைக் கிடத்துகிறோம். வாசலில் நிற்கும் பசித்த பிள்ளையை விரட்டுகிறோம்.

இவ்வருஷம் மரத்தை அலங்கரிக்கும்போது பிள்ளைகளுக்கு இந்தப் பறவையின் கதையைச் சொல்லுங்கள். திருநாளன்று மத்தியானம் முதல் இலையை உங்கள் தாய்க்குப் போடுங்கள்.

உங்கள் பங்குக் குரு